பாசித் துரையின் ‘நாம’

ஈரச் செய்தித்தாளின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஓடினால் ஒரு மணம் எழும். கரியும் அச்சு மையும் புழுங்கிய காகிதமும் சேர்ந்த மணம். நேற்று வில்லாபுரத்தில் நல்ல மழை. எங்கள் தெருமுனைத் தேய்ப்புக்காரரின் மேசையில் விரிப்புக்கு அடியில் போட்டிருந்த பழைய பேப்பரெல்லாம் நனைந்துவிட்டது. அதைக் காயவைக்க அதன்மேலேயே பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் விரித்த குடையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

“துணி எதும் குடுத்திருந்தீங்களாண்ணே?” என்றார். இல்லை என்றேன். பிறகு எதற்கு நிற்கிறான் இந்த ஆள் என்று அவர் யோசித்திருப்பார். நகர முடியவில்லை. அந்த மணத்தோடு கொஞ்சம் கண்மாய்ச் சேற்று வாடையும் கலந்தால் போதும், கோச்சடையில் எங்கள் வீட்டு மச்சு அறை வந்துவிடும். சலவைக்காரரிடம் இரவல் வாங்கிய பெட்டியால், நீர்ச்செடி வைத்த தாள்களை ஒவ்வொன்றாக உலர்த்திக்கொண்டு, குனிந்தால் முகடு இடிக்காது நிமிர்ந்தால் இடிக்கும் என்கிற உயரத்தில், அவர் வந்துவிடுவார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஊரில் யார் வாயிலும் அது நுழையவில்லை. நுழையாத பெயரை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது. கண்மாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, உச்சி வெயிலில், ஆடு மாடு மேய்ப்பவர்களெல்லாம் கரையில் நின்று வேடிக்கை பார்க்கப் பாசி அள்ளியதால் ஊருக்கு அவர் பாசித் துரை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். பெயர் வைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

மதுரையில் அண்ணன் தாவரவியல் சொல்லிக்கொடுத்த கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. முதலில் செடிகள்தான் போய் வந்தன. ஒரே இடத்தில் ஒரே செடியை இரண்டாகப் பறிப்பார்கள். இரண்டு தாளில் ஒட்டுவார்கள். ஒன்று இங்கே இருக்கும், ஒன்று கப்பலேறும். அங்கிருந்தும் அப்படியே வரும். பிறகு, செடி போன வழியில் ஆளும் போகட்டும் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முடிவு செய்தார்கள். அங்கிருந்து ஒருவர் வந்து எங்கள் பக்கத்துக் கண்மாய்களின் நீர்ச்செடிகளை ஆராய்வார். இங்கிருந்து ஒருவர் போய் அங்கே ஆராய்ச்சிப் பட்டம் வாங்குவார். போகிறவர் வீட்டில் வருகிறவர் தங்கிக்கொள்வது என்று பேச்சு. அப்படித்தான் எங்கள் அண்ணன், எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஓர் ஊரில் ஒரு விதவைத் தாயின் வீட்டு மாடிக்குப் போனான். அந்தத் தாயின் ஒரே மகன் எங்கள் வீட்டு மச்சுக்கு வந்தார்.

ஊரில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. அய்யாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். வாய்க்கால் வேலையை விட்டுவிட்டுக் கேட்க வந்தவர்களிடம், “ஒண்ணுமில்லப்பா, பொண்ணு குடுத்துப் பொண்ணெடுக்குறோம்ல, அது மாதிரி. இதுல ரெண்டு பக்கமும் மாப்ளையாப் போச்சு, பொண்ணத்தேன் காணோம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. புரிந்துவிட்டது.

ஆத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் அப்படிக் கொடுத்து எடுத்த கல்யாணங்கள் உண்டு. அதன் நியாயம் அவளுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்தவள் வயிறு நிறைந்தால் அந்த வீட்டுக்குப் போனவள் வயிறும் நிறையும். இங்கே ஒருத்தி முதுகில் கை பட்டால், அங்கே ஒருத்தி மறுநாளே பெட்டியோடு வந்து வாசலில் நிற்பாள். அய்யா விளையாட்டாகச் சொன்னதை ஆத்தா அப்படியே வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

அண்ணனுடைய வெண்கலக் கும்பாவைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்தாள். அதில்தான் அவருக்குச் சோறு. வெஞ்சனம் எங்களுக்கு ஒன்று என்றால் அவருக்கு இரண்டு. அயிரை மீன் வாங்கினால் அவர் பங்கு போகத்தான் எங்களுக்கு. நான் அப்போது மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், எனக்கும் நல்ல பசி. முனகுவேன். “சும்மா கிடடா. இது இங்க விழுகுறது இல்ல, அங்க விழுகுது” என்பாள். அவருக்கு மலைக்காய்ச்சல் வந்து மச்சில் சுருண்டு கிடந்தபோது ஆத்தா அண்ணனை நினைத்துத்தான் அழுதாள். கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் எழுந்து உட்கார்ந்ததும், “எம் மகன் எந்திரிச்சுட்டான்” என்றாள். இதிலெல்லாம் அவளோடு வாதாட முடியாது.

முதல் நாள் சாப்பாட்டைச் சொல்லவில்லையே. ஏணியை மடக்கி வைத்த மாதிரி ஒருவழியாகச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கும்பாவைப் பார்த்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். பிறகு ஆத்தாவிடம், எழுத்தெண்ணிப் படித்த தமிழில், “நாம கையால் சாப்பிடுவதில்லை. ஆனால் நாம கற்றுக்கொள்ளுவோம்” என்றார்.

ஆத்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நாம கையாலதேன்யா சாப்புடுவோம். நீங்கதேன் முள்ள வச்சுக் குத்துவீக.”

அவர் எதில் தவறு என்று யோசித்தார். காது சிவந்தது. அப்புறம் அந்தத் தவறை அவர் விடவே இல்லை. வந்து வெகு சீக்கிரத்தில் ‘அம்புட்டு’, ‘எம்புட்டு’ எல்லாம் படிந்தது. ‘தான்’ போய் ‘தேன்’ வந்தது. கண்மாய்க் கரையில் கிழவர்களோடு வெற்றிலை போட்டுப் பேசுவார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வளையவில்லை. ‘நாங்க’ என்று சொல்ல வேண்டிய எல்லா இடத்திலும் ‘நாம’. ‘எங்க’ என்பதற்கெல்லாம் ‘நம்ம’. நாம குளிர்காலத்தில் ஏரி மேலே நடப்போம், என்பார் உழுதுகொண்டிருப்பவனிடம். ஏர் நின்றுவிடும். நம்ம ராஜா போன யுத்தத்தில் தோத்து ஓடிப்போயிட்டார், என்பார் சலவைக்காரரிடம். எந்த ராஜா, எப்போது ஓடினார் என்று அவர் அய்யாவிடம் வந்து விசாரிப்பார்.

விதி தெரியாதவர் இல்லை. கேட்கிறவனைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். எழுதினால் ஓரிடத்தில்கூடப் பிழை இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செடி வைத்த தாள்களுக்கு நடுவே பெட்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார்.

“தாளைப் பாத்தா கை ‘நாங்கள்’ எழுதுது. ஆளைப் பாத்தா வாய் ‘நாம’ சொல்லுது. நான் என்ன செய்ய?”

அவ்வளவுதான். மறுபடியும் பெட்டியை எடுத்துக்கொண்டார். கரி வாசனையில் அல்லியின் இலை மெல்ல மெல்லத் தன் பச்சையை விட்டுக்கொண்டிருந்தது.

மேலூருக்கு அப்பால் ஒரு கண்மாய். அவரும் நானும் பஸ்ஸில் போய் இறங்கி நடப்போம். ஒருநாள் அங்கே மடையில் சண்டை. மேல்கரைக்காரர்களும் கீழ்க்கரைக்காரர்களும் மண்வெட்டியும் கையுமாக நின்றார்கள். தண்ணீர் வரவில்லை, அவன்தான் அடைத்தான் என்று இவன், இவன்தான் என்று அவன். இவரோ அதைக் கவனிக்காமல் மடைவாயில் மூச்சை அடக்கி மூழ்கி, ஒரு கத்தை கொடிப்பாசியோடு எழுந்தார். அந்தப் பாசிதான் மடையை அடைத்திருந்தது. அதை உயரத் தூக்கிக் காட்டி, “நாம எல்லாரும் இதை எடுப்போம். தண்ணி தானா வரும்” என்றார்.

மண்வெட்டி வைத்திருந்த ஒருவர் கேட்டார். “தொரை, நாமன்னா யாரு? எங்க கரையா, அவன் கரையா? அதச் சொல்லிட்டு முங்கும்.”

இவர் இரண்டு கரையையும் பார்த்தார். பாசி சொட்டிக்கொண்டிருந்த கையை அப்படியும் இப்படியுமாக ஒரு வட்டம் சுற்றிக் காட்டினார். ஒரு கிழவர் சிரித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிறகு சிலர் இறங்கினார்கள். பாசி போனது, தண்ணீர் வந்தது. சண்டை போகவில்லை. நாங்கள் பஸ்ஸுக்குத் திரும்பும்போது அவர்கள் வேறொரு காரணத்தை எடுத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இவர் ஈர உடம்போடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். “நாம ஏன் இப்படி இருக்கோம்?” என்றார். அதில் இரண்டு கரையும் இருந்தன. நானும் இருந்தேன். கடலுக்கு அப்பால் அவருடைய ஊரும் இருந்தது என்று பிற்பாடுதான் எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டில் பெற்றவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அதனால் ‘அம்மா’ என்ற சொல் யாருக்கும் ஒதுக்காமல் சும்மா கிடந்தது. அவர் வந்து அதை எடுத்துக்கொண்டார். அவருடைய தாயார் அம்மா. அதுவும் நம்ம அம்மா. நம்ம அம்மாவுக்கு முழங்கால் வலி. நம்ம அம்மா ஞாயித்துக்கிழமை ஆப்பிள் பழம் வச்சு ரொட்டி சுடுவாங்க. அய்யா ஒரு நாள், “ஏப்பா, எனக்கும் அவுக அம்மாவா? எம் வயசுதான இருக்கும்” என்று கிண்டல் செய்தார்.

“அது சரியாத்தேன் சொல்லுது” என்றாள் ஆத்தா. “எம் மகனுக்கு இப்ப சோறு போடுறது யாரு? நீங்களா, நானா? அவுகதான. அப்ப நம்ம அம்மாதேன்.”

அன்று முதல் அவளும் அப்படியே சொல்லத் தொடங்கினாள். மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் ஆத்தாவின் கேள்வி மாறாது: “நம்ம அம்மா இந்நேரம் என்ன செய்வாக?” அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மனதுக்குள் மணியைப் பின்னால் தள்ளுவார். “அங்க இப்பத்தேன் விடியுது. நம்ம அம்மா அடுப்பு மூட்டுறாங்க. நம்ம தம்பி தூங்குறார்.” அண்ணனைத்தான் தம்பி என்பார், வயதில் இளையவன் என்பதால். ஆத்தா கேட்டுக்கொண்டே சோற்றை அள்ளி வைப்பாள். அந்த அடுப்பின் அனல் அவள் முகத்தில் தெரிவது போலிருக்கும் எனக்கு.

எங்கள் மில்லில் நூல் கணக்கு எழுதும் ஒருவர் இருந்தார். பேப்பர் படிக்கிறவர், வாய் ஓயாதவர், நல்ல மனிதர். சம்பளத்துக்கு மறுநாள் நான் அவரையும் பாசித் துரையையும் காபி கிளப்புக்குக் கூட்டிப்போவது வழக்கம். ஜெர்மனியில் யூதர்களுடைய கோயில்களையும் கடைகளையும் எரித்தார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. கணக்கர் அதை வாசித்துக் காட்டிவிட்டு, என்ன தொரை இப்படி, என்றார்.

இவர் டவராவில் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆற்றி ஆற்றி அது பச்சைத் தண்ணீர் மாதிரி ஆகியிருக்கும். “நாம வெக்கப்படணும்” என்றார்.

“நாம எதுக்குங்க வெக்கப்படணும்? நெருப்பு வச்சது உங்காளுக. நாம இங்க செவனேன்னு காப்பி குடிக்கிறோம்” என்றார் கணக்கர். கிளப்பில் பக்கத்து மேசைக்காரர்கூடச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையசைத்தார். காசைக் கொடுத்துவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்து போனார். அந்த உயரமான முதுகு அன்றைக்குக் கொஞ்சம் வளைந்திருந்தது. தங்குகிற காலம் முடிந்ததும் ஊர் திரும்ப அவருக்கு மனமில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. திரும்பினால்தானே அண்ணன் வர முடியும், அதனால் வாயைத் திறக்காமல் இருந்தார்.

யுத்தம் வந்தது. வந்ததுமே போலீஸும் வந்தது. எதிரி நாட்டுக்காரர்களை எல்லாம் பிடித்து அடைத்தார்கள். மச்சில் காய்ந்துகொண்டிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வெறும் இலைதான் இருக்கிறது என்பதை நம்ப முடியாமல் ஏமாற்றத்தோடு போனார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மாதங்களில் அண்ணனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. வரவும் வழியில்லை. ஆத்தா அந்தக் கும்பாவைக் கவிழ்த்து வைக்கவில்லை. தினமும் கழுவி, நிமிர்த்தியே வைத்தாள். கவிழ்த்தால் சாப்பிட ஆளில்லை என்று ஆகிவிடும்.

கல்லூரி முதல்வர் மேலதிகாரிகளைப் பார்த்து, இந்த மனிதர் தன் நாட்டு அரசாங்கத்துக்கு வேண்டாதவர், நான் ஜாமீன் என்று மன்றாடியதில் அவரை விட்டார்கள். மதுரையைத் தாண்டக் கூடாது. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. கன்னம் ஒட்டிப்போய் அவர் படியேறி வந்தபோது ஆத்தா அவரைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: “அப்ப அங்கயும் அவன விட்டிருப்பாகள்ல?” அவர் யோசிக்கவே இல்லை. “விட்டிருப்பாங்க. நம்ம அம்மா போய் நின்னிருப்பாங்க.”

அடுத்த கோடை. ஜெர்மன்காரர்கள் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பேப்பர் முழுக்கச் செய்தி. அதே காபி கிளப். அதே கணக்கர். “உங்காளுக போற போக்கப் பாத்தா லண்டன்ல போயித்தேன் உக்காருவாக போல” என்றார்.

பாசித் துரை டம்ளரைக் கீழே வைத்தார். தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“நாம தோத்தாத்தேன் நல்லது. சீக்கிரம் தோத்தா இன்னும் நல்லது.”

கணக்கர் முதலில் விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “நாம தோத்தா ஒங்களுக்கு நல்லதுதேன் தொரை.” நான் அவசரமாக, இவர் நாங்க என்று சொல்ல வந்தார், அவர்கள் தோற்க வேண்டும் என்கிறார், என்று விளக்கினேன். “தெரியும் மாப்ள. எம்புட்டு வருசமாக் கேக்குறேன், தெரியாதா” என்றார் கணக்கர். அவருக்குத் தெரிந்தது. காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். சிரிப்புக்காக அதை இன்னொருவரிடம் சொன்னார். அவர் வேறொருவரிடம் சொன்னார். சொல்லச் சொல்ல சிரிப்பு உதிர்ந்துவிட்டது, வாக்கியம் மட்டும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கிலீஷில் பேசியிருந்தால் இந்த ஆபத்து இல்லை. அந்தப் பாஷையில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. ஜெர்மன்காரன் ‘தோற்க வேண்டும்’ என்றால் ஜெர்மனி என்றுதான் எவனும் எடுத்துக்கொள்வான். தமிழ் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் அது வேறாக விழுந்தது.

அய்யாவும் நானும் ஓடினோம். இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கத்துக்காரர்தான். உட்காரச் சொன்னார். நாம தோற்றால் நல்லது என்று சொன்னாரா இல்லையா, என்றார்.

“சொன்னாருய்யா. அவரு நாமன்னா, நாங்கன்னு அர்த்தம்” என்றார் அய்யா.

“அப்ப நாங்கன்னு சொல்லிருக்கணும்ல பெரியவரே.”

“அவரு பெத்த ஆத்தாவ எங்க வீட்டுல வந்து நம்ம அம்மாங்கிறாரு. அதுக்கும் கேசு போடுவீகளா?”

இன்ஸ்பெக்டருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். எல்லாம் மேலே இருக்கும் வெள்ளைக்காரத் துரை கையில், என்றார். பாசித் துரையை மாடிக்குக் கூட்டிப்போனார்கள். இங்கிலீஷில் கேட்டார்கள். இவரும் இங்கிலீஷிலேயே உள்ளதைச் சொன்னார்: என் நாடு தோற்க வேண்டும் என்றுதான் சொன்னேன். வெள்ளைக்காரத் துரை பேனாவை மூடிவிட்டு, சொந்த நாடு தோற்க வேண்டும் என்கிறவன் வேறு எந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பான் என்று கேட்டாராம். நாம என்றாலும் குற்றம். நாங்க என்றாலும் குற்றம். முதல்வர் கொடுத்த ஜாமீன் செல்லாமல் போயிற்று.

மாடிப்படியில் அவரைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தபோது இன்ஸ்பெக்டர் எங்கள் காதில் விழும்படியே சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, ஒரு நல்லது சொல்கிற மாதிரிதான். “தொரை, ஒரு பேச்சு. இனிமே எதிர்ல நிக்கிறவனச் சேக்காதீக. நீங்க சேத்தா, அவனுக்கும் ஆபத்து. இந்த வீட்டுக்காரகளயும் நான் விசாரிக்க வேண்டி வரும். நாங்கன்னு சொல்லிப் பழகுங்க.”

அவர் அய்யாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டார்.

வடக்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். இரண்டாம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அங்கேயே போய்விட்டார். கல்லூரி முதல்வர் சைக்கிளில் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். ஆத்தா சமையற்கட்டுக்குள் போய்க் கும்பா இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அந்த இடம் காலியாக இருந்தது, அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன். எங்களிடம் சோறு தின்ற பிள்ளை போய்விட்டான் என்றால் அங்கே சோறு தின்கிற பிள்ளை என்ன ஆவான். அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. யுத்தம் முடியும்வரை அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி நடமாடியது.

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து அண்ணன் வந்தான். முடி நரைத்து, சட்டைக்குள் உடம்பு இருக்கிற இடம் தெரியாமல். ஆத்தா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தோம். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்தம்மா என்ன சொல்லி அனுப்புனாக?”

“ஒண்ணும் சொல்லல ஆத்தா. ரொட்டி கட்டிக் குடுத்தாக. கோட்டுப் பித்தானப் போட்டு விட்டாக.”

“மகன் போனது தெரியுமா அவுகளுக்கு?”

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான். “போன வருசமே சேதி வந்துருச்சு ஆத்தா. அன்னைக்கும் எனக்கு வச்சுட்டுத்தேன் அவுக உக்காந்தாக. ரேசன் ரொட்டி. அதுல பாதி எனக்கு. கடைசி வரைக்கும் அதே பாதி.”

முதல்வர் வந்து சொன்ன சேதி அப்போதே அந்தம்மாவுக்கும் எப்படியோ தெரிந்திருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். யுத்தத்தில் அது போய்ச் சேரவே வருஷங்கள் ஆகியிருக்கிறது. சேர்ந்த பிறகும் அவள் கை குறையவில்லை. அண்ணன் வேறு ஏதேதோ சொன்னான். அங்கேயும் அவன் போலீஸில் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம், அவள் முழங்கால் வலியோடு கூடவே வந்து வாசலில் நிற்பாளாம். பல்கலைக்கழகத்தில் குண்டு விழுந்து, எங்கள் கண்மாய்ச் செடிகள் ஒட்டிய தாள்கள் எல்லாம் எரிந்துவிட்டனவாம். இரண்டாகப் பறித்ததில் ஒன்று. ஆத்தா எதையும் கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பாதி ரொட்டியிலேயே நின்றுவிட்டாள். கொடுத்து எடுத்ததில் அந்தம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாங்கள் கொடுக்கவில்லை. அதன்பின் ஆத்தா சாகும்வரை அயிரை மீன் வாங்கவில்லை.

கும்பாவைச் சொல்கிறேன் என்றேன்.

அவரை வடக்கே அனுப்பிய அன்று பகல் வண்டி. மதுரை ஜங்ஷனில் ஏகக் கூட்டம். ஆத்தா அதுவரை ரயில் நிலையத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அன்று எங்களுக்கு முன்னால் நடந்தாள். இடுப்பில் துணியால் வேடு கட்டிய கும்பா. உள்ளே சோறும் அயிரை மீன் குழம்பும். இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே ஜன்னலோரம் அவர். ஒரு கான்ஸ்டபிள் அந்தத் துணியை அவிழ்த்துப் பார்த்து, மோந்து பார்த்து, உள்ளே வாங்கிக் கொடுத்தார். இதை யார் திருப்பிக் கொண்டுவருவது என்று அய்யா கேட்டார். அதோடவே போகட்டும், என்றாள் ஆத்தா.

நான் ஏதாவது பேச வேண்டுமே என்று மச்சில் இருக்கும் தாள்களைப் பற்றிக் கேட்டேன். “காலேஜ்ல குடுத்துருங்க. உங்க கண்மாய்ச் செடி, உங்ககிட்ட இருக்கட்டும்” என்றார். எந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அய்யா கேட்டார். “தெரியலை. நாங்க மெட்ராஸ் வரைக்கும் போறோம். அப்பறம் சொல்லுவாங்க.”

நாங்க. கான்ஸ்டபிள்களையும் தன்னையும் சேர்த்து, அய்யாவையும் என்னையும் வெளியே நிறுத்தி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். போலீஸ் ஸ்டேஷன் படியில் கேட்ட பாடத்தை உள்ளே இருந்த நாட்களில் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்.

ஆத்தாவுக்கு அது காதில் ஏறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டில் கேட்பது போலவே கேட்டாள். “நம்ம அம்மா இந்நேரம் என்ன செய்வாக?”

அவர் பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளுத்த ஒரு வளையம் மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“எங்க அம்மா எந்திரிச்சிருப்பாங்க. உங்க மகனுக்கு ரொட்டி வைப்பாங்க.”

அவர் பேசிக் கேட்டதிலேயே பிழையில்லாத தமிழ் அதுதான்.

வண்டி ஊதியது. அசைந்தது. கான்ஸ்டபிள் கையை எடுங்கம்மா என்றார். ஆத்தா கம்பியை விடவில்லை. வண்டியோடு நடந்தாள், பிறகு ஓடவும் செய்தாள். கூட்டத்தையும் சத்தத்தையும் தாண்டி அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

“எங்க அம்மான்னு சொல்லாத தம்பி. நம்ம அம்மான்னு சொல்லு.”